அடி பிறக்கும் இடம்

நியூ ஜெர்சியில் ஏப்ரல் மாதச் சனிக்கிழமை காலை என்றால் மைதானத்தில் வெயில் இருக்கும், சூடு இருக்காது. அந்தக் குளிரில் இரண்டு மணி நேரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மகனின் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார் நண்பர். கரூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், எடிசனில் எங்களுக்கு அடுத்த தெரு. பையனுக்கு ஒன்பது வயது. அன்றைக்கு மூன்று முறை பேட் பிடித்து மூன்று முறையும் ஸ்ட்ரைக் அவுட். இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் கையில் கொடுத்தேன். ஒரு வாய்கூடக் குடிக்காமல் கேட்டார்: "அண்ணா, போன வருஷம் நல்லா அடிச்ச பையன். இந்த வருஷம் ஸ்விங்கே கெட்டுப்போச்சு. கைதான் சரியில்லைன்னு நினைக்கிறேன். எங்கிருந்து சரி பண்றது?"

அவருக்கு அன்றைக்குச் சொன்னதையும், பிறகு வந்த வாரங்களில் அவருடைய பையனோடு செய்துபார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். இங்குள்ள லிட்டில் லீக் அணிகளில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் ஆடுகிறார்கள். அப்பாக்களோ கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். பிள்ளையின் அடியில் ஏதோ கோணல் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கோணல் எங்கே தொடங்குகிறது என்பதுதான் பிடிபடுவதில்லை. நானும் என் மூத்தவனின் கையை இரண்டு வருடம் திருத்தினேன், குறை கையில் இல்லை என்று தெரியாமலே.

நான் கேட்ட முதல் கேள்வி இது: "போன வருஷம் யாரு பந்து போட்டாங்க?"

"கோச் போட்டார்."

"இந்த வருஷம்?"

"பசங்களே போடுறாங்க."

விடை அதில்தான் இருந்தது. கோச் போடும் பந்து மெதுவாக, இடுப்பு உயரத்தில், நட்டநடுவில் வரும். ஒன்பது வயதுப் பையன் போடும் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. ஒன்று தலைக்கு மேலே போகும், ஒன்று தரையில் குத்தும், ஒன்று விலாவுக்கு வரும். ஐந்து அவுன்ஸ் எடையுள்ள பந்து, இறுகத் தைத்த தோல். போதாததற்கு இந்தக் குளிரில் பேட்டின் பிடிப் பக்கத்தில் பந்து பட்டால் உள்ளங்கை தேள் கொட்டியதுபோல் கடுக்கும். "எங்கேயாவது பட்டுச்சா அவனுக்கு?" என்று கேட்டேன். "மார்ச் மாசம் பயிற்சியில முதுகுல ஒண்ணு பட்டுச்சு, அழலை" என்றார். பிள்ளை அழாததால் அப்பா அதை மறந்துவிட்டார். பிள்ளையின் உடம்பு மறக்கவில்லை.

மறுநாள் மாலை மூவரும் பக்கத்து மைதானத்துக்குப் போனோம். ஹோம் பிளேட்டைச் சுற்றிப் புல் இருக்காது, சலித்த மண்தான். பையன் வலதுகைக்காரன். அவனை வழக்கம்போல் நிற்கச் சொல்லி, இரண்டு கால்களின் பெருவிரலையும் தொட்டபடி, பிட்ச்சர் நிற்கும் மேட்டை நோக்கி பேட்டின் நுனியால் ஒரு நேர்கோடு கீறினேன். பத்துப் பந்து போட்டேன். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அவனை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, அவன் அப்பாவைக் குனிந்து பையனின் இடதுகால் தடத்தைப் பார்க்கச் சொன்னேன். கோட்டின் மேல் விழ வேண்டிய கால், கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்றாவது பேஸ் பக்கமாக விழுந்திருந்தது. தடத்தில் விரல் பக்கம் லேசாகப் பதிந்திருந்தது, குதிகால் பக்கம் ஆழமாகக் குழிந்திருந்தது. ஆள் அடிக்கப் போகவில்லை, விலகிப் போயிருக்கிறான். மண் அதை எழுதிவைத்திருந்தது.

நண்பர் நிமிர்ந்து சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது: "இடம் பண்ணிக்கிறான்னு நினைச்சேன்ணா." டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியவர்களுக்கு அது சாமர்த்தியம்தானே! லெக் பக்கம் ஒதுங்கி, கைக்கு இடம் பண்ணிக்கொண்டு, ஆஃப் பக்கம் வெட்டுவது. பேஸ்பாலில் அந்த ஒதுங்கலே குற்றம். பின்பக்கமும் பக்கவாட்டிலும் தட்டிவிட்டு ரன் எடுக்க வழியில்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவில் முன்பக்கமாக அடித்தால்தான் கணக்கு, மற்றதெல்லாம் ஃபவுல். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். ஒரு சாண் ஒதுங்கியவனுக்கு அதன் மறுகோடி எட்டாது.

கை ஏன் கெட்டதுபோல் தெரிகிறது என்பதற்கும் இதுதான் காரணம். கால் விலகினால் இடுப்பு சீக்கிரம் திறந்துகொள்கிறது, இடுப்பின் பின்னால் தோள் போகிறது, தோளோடு தலையும் திரும்பிவிடுகிறது. உடம்பு முழுக்கப் பந்தைவிட்டுப் போய்விட்ட பிறகு கை மட்டும் தனியாக நீண்டு பந்தைத் துழாவுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்குக் கைதான் தெரியும். "கையை உள்ளே வை" என்று நூறு முறை சொன்னாலும் அது உள்ளே வராது, பாவம், அது வேலை செய்ய இடமே இல்லை.

இந்த விலகலுக்கு அமெரிக்கர்கள் 'வாளிக்குள் கால் வைப்பது' என்று ஒரு பழைய பெயர் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்படிக் கால் வைத்தே பெரும்புகழ் பெற்ற ஒருவர் உண்டு. பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியின் அல் சிம்மன்ஸ். 'பக்கெட்ஃபுட் அல்' என்பதே அவர் பட்டப்பெயர். 1930, 1931 இரண்டு வருடங்களும் அமெரிக்கன் லீகில் பேட்டிங்கில் முதலிடம், வாழ்நாள் சராசரி .334. அவர் கால் விலகினாலும் தோளும் எடையும் பந்தின் பக்கமே நின்றன. ஆகவே காலடி கொஞ்சம் முன்பின் இருப்பது பாவமில்லை. பயத்தில் விலகும் காலோடு தோளும் சேர்ந்து போகிறதே, அதுதான் நோய்.

பயத்துக்கு "பயப்படாதே" என்ற சொல் மருந்தாகாது. பந்து வந்தால் என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரிந்தால்தான் பயம் இறங்கும். ஹெல்மெட் போடச் சொல்லி, பத்தடி தூரத்திலிருந்து டென்னிஸ் பந்தை மெதுவாக அவன் மேலேயே போட்டேன். பந்து உடம்புக்கு வருகிறது என்று தெரிந்ததும் கேட்சர் பக்கமாகத் திரும்பு, மோவாயைப் பின்தோளில் புதை, பேட்டைக் கீழே இறக்கு, முதுகின் சதையில் வாங்கிக்கொள். முன்பக்கமாகத் திரும்பினால்தான் முகமும் நெஞ்சும் மாட்டும். ஐந்து நிமிடத்தில் அவன் சிரிக்க ஆரம்பித்தான். பத்து நிமிடத்தில் "இன்னும் வேகமா போடுங்க மாமா" என்றான். அதன்பின் கோட்டை மறுபடி கீறி டென்னிஸ் பந்தையே அடிக்கவிட்டோம். தடம் கோட்டை நெருங்கத் தொடங்கியது. தோல் பந்துக்கு அவனை மாற்ற இரண்டு வாரம் பொறுத்தோம். அவசரப்படுத்தியிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும்.

அடுத்தது பேட். அவன் கையில் இருந்தது 30 அங்குல பேட். "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்னு வாங்கினேன்" என்றார் நண்பர். பள்ளிச் சீருடையை ஒரு அளவு பெரிதாக எடுக்கும் நம் வீட்டுப் பழக்கம். சட்டைக்கு அது சரி, பேட்டுக்குச் சரியில்லை. முன்கையால் மட்டும் பேட்டின் அடியைப் பிடித்துத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டச் சொன்னேன். பதினைந்து, இருபது நொடி ஆடாமல் நிற்க வேண்டும். ஐந்தாம் நொடியிலேயே பேட் தொங்கிவிட்டது. எடை தாங்காதவன் பேட்டைச் சுழற்ற மாட்டான், பேட் அவனைச் சுழற்றும். நீளத்தின் அங்குலக் கணக்கிலிருந்து எடையின் அவுன்ஸ் கணக்கைக் கழித்து இங்கே 'டிராப்' என்பார்கள். 28 அங்குலம், 18 அவுன்ஸ் என்றால் டிராப் பத்து. இந்த வயதுக்கு அது கைக்கடக்கமான பேட். வாங்கும்போது அதில் 'யுஎஸ்ஏ பேஸ்பால்' முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2018 முதல் லிட்டில் லீகில் உலோகப் பேட்டுக்கு அது கட்டாயம்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நேரம் அவ்வளவு குறைவு. பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1939இல் கார்ல் ஸ்டாட்ஸ் லிட்டில் லீகைத் தொடங்கியபோது, பெரியவர்களின் மைதானத்தைச் சிறுவர்களின் காலுக்குத் தக்கபடி சுருக்கினார். இன்று பெரியவர்களின் பிட்ச்சர் 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து வீசுகிறார், லிட்டில் லீக் சிறுவன் 46 அடியிலிருந்து வீசுகிறான். மணிக்கு 45 மைல் வேகத்தில் அவன் வீசினால் பந்து பிளேட்டை எட்ட ஏறத்தாழ 0.7 நொடி. பந்து எங்கே வருகிறது என்று கண் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று மனம் தீர்மானித்து, உடம்பு திரும்பி, பேட் போய்ச் சேர, எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். கனத்த பேட் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இப்போது ஸ்விங்குக்கு வருவோம். இரண்டாவது டீ போட்டுக்கொண்டுதான் இதை நண்பருக்கு விளக்கினேன், சமையலறைத் துண்டை ஈரமாக்கி எடுத்துவந்து.

ஈர வேட்டியை இரண்டு பேர் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பிடித்து நிற்பார், மற்றவர் முறுக்குவார். இரண்டு பேரும் ஒரே பக்கம் சேர்ந்து திருப்பினால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராது. அடியும் அப்படித்தான். முன்கால் தரையில் ஊன்றியதும் இடுப்பு பிட்ச்சரை நோக்கித் திரும்பத் தொடங்க வேண்டும். அந்த நொடியில் தோளும் கையும் பின்னாலேயே இருக்க வேண்டும். நடுவில் வயிறும் முதுகும் முறுக்கேறுகின்றன. பிறகு அந்த முறுக்கு அவிழ்கிற வேகம்தான் தோளுக்கும் கைக்கும் கடைசியில் பேட்டுக்கும் போகிறது. துண்டின் ஒரு முனையை நண்பரிடம் கொடுத்து மறுமுனையை நான் முறுக்கிக் காட்டினேன். "கரெக்ட்டுண்ணா, இவன் மொத்தமா ஒரே வாட்டி திரும்பிடுறான்" என்றார். சின்னப் பிள்ளைகளில் பாதிப் பேரிடம் இருக்கும் குறை அது. இதற்கு நான் கண்ட எளிய பயிற்சி: காலை எடுத்துவைத்து, ஊன்றி, அங்கேயே நிறுத்தி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணிவிட்டு அடிப்பது. அந்த நிறுத்தத்தில் கை பின்தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று அவனே பார்த்துக்கொள்ளலாம்.

பின்காலைப் பற்றி இங்கே கோச்சுகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றைச் சொல்வார்கள்: காலடியில் இருக்கும் பூச்சியை நசுக்குவதுபோல் பாதத்தைத் திருகு என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படித் திருகினால் எடை பின்காலிலேயே தங்கிவிடுகிறது. நன்றாக அடிப்பவர்களின் படத்தை நிறுத்திப் பாருங்கள், பந்தில் பேட் படும் நேரத்தில் பின்காலின் குதிகால் எழும்பி, விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். எடை முன்காலுக்கு வந்து, அந்த முன்கால் முளைக்குச்சிபோல் விறைத்து நிற்கும்.

பிடியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் வாளியின் கைப்பிடி விரல்களில் எந்த மடிப்பில் உட்காருகிறதோ அங்கே பேட்டும் உட்கார வேண்டும், உள்ளங்கையில் அல்ல. கதவைத் தட்டும் விரல்முட்டிகள் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரட்டும். போதும்.

கை வரும் பாதையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ரங்கராட்டினத்தில் வெளிவட்டக் குதிரைக்குச் சுற்ற வேண்டிய தூரம் அதிகம். கையை ஆரம்பத்திலேயே நீட்டிவிடுகிற பையனின் பேட்டும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு வரும். பந்து அதற்குள் கேட்சர் கையில் இருக்கும். பின்முழங்கை விலாவை உரசிக்கொண்டு வர, பேட்டின் அடிமுனை முதலில் பந்தை நோக்கிப் போக, நுனி கடைசியில் வந்து சேர வேண்டும். கை நீள்வது அடித்த பிறகு. ஆனால் காலும் இடுப்பும் சரியானால் பாதிப் பிள்ளைகளுக்கு இது தானாகவே வந்துவிடுகிறது. அதனால்தான் இதைப் பின்னால் வைத்தேன்.

பேட் மட்டமாக வர வேண்டுமா, கீழ்நோக்கியா, மேல்நோக்கியா என்ற சண்டை பேஸ்பாலில் வெகுகாலமாக நடக்கிறது. 1941இல் .406 அடித்த டெட் வில்லியம்ஸ், 1970இல் 'தி சயன்ஸ் ஆஃப் ஹிட்டிங்' என்ற புத்தகத்தில் இதைத் தெளிவாக வைத்தார். பிட்ச்சர் மேட்டின் மேல் நிற்கிறான், பந்து தோளுக்கு மேலிருந்து புறப்பட்டுக் கீழே இறங்கியபடியே வருகிறது. ஆகவே பேட் லேசாக மேலேறியபடி அதை எதிர்கொள்ள வேண்டும். கணக்கு எளிது. ரோட்டைக் குறுக்கே கடப்பவருக்கும் ரோட்டோடு எதிரே வருபவருக்கும் உள்ள வித்தியாசம்தான். பந்தின் தடத்தைக் குறுக்கே வெட்டும் பேட் அதை ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்க முடியும். அதே தடத்தில் எதிரே வரும் பேட், கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பந்தைச் சந்தித்துவிடும். பந்தும் உருண்டை, பேட்டும் உருளை, கிரிக்கெட் பேட்டைப்போல் நாலங்குலத் தட்டையான முகம் இல்லை என்பதை நினைத்தால் இந்தச் சலுகையின் அருமை புரியும். ஆனால் ஒன்பது வயதுக்காரனிடம் "மேலே அடி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பின்தோளைச் சாய்த்து வானத்துக்கு அடிக்க ஆரம்பித்துவிடுவான். "பிட்ச்சர் தலைக்கு மேல் கோடு மாதிரி பறக்கணும்" என்று சொல்லுங்கள், உடம்பு அந்தச் சாய்வைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

பிள்ளைகள் பிந்தி அடிப்பதற்கு இன்னொரு காரணம் மனசு. பந்து வந்த பிறகு அடிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். ஒவ்வொரு பந்தையும் அடிக்கத்தான் போகிறேன் என்று தொடங்க வேண்டும். அடி, அடி, அடி என்று உள்ளுக்குள் ஓட, பந்து கெட்டதாக இருந்தால் கடைசியில் 'வேண்டாம்' என்று நிறுத்த வேண்டும். பிட்ச்சரின் முன்கால் எழும்போதே பையனின் கையும் சற்றுப் பின்னால் போய்த் தயாராகட்டும்.

"பந்தைப் பாரு" என்பது நாம் எல்லோரும் கத்தும் வாக்கியம். பார்க்காமலா நிற்கிறான்? பந்து கடைசிச் சில அடிகளில் வரும் வேகத்துக்கு எந்த மனிதக் கண்ணும் ஈடுகொடுக்காது. பிட்ச்சரின் கையைவிட்டுப் பந்து பிரியும் இடத்தைப் பார்க்கப் பழக்குங்கள். டென்னிஸ் பந்துகளில் சிவப்பு, நீல, கறுப்புப் புள்ளிகள் வைத்து, போடும்போது என்ன நிறம் என்று சொல்லச் சொல்லுங்கள், அடிக்கக்கூட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பவ்ரலில் சிறுவயதில் பிராட்மன் கிரிக்கெட் ஸ்டம்ப்பைக் கையில் பிடித்து, கோல்ஃப் பந்தைத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் எறிந்து எறிந்து அடித்தார் என்று படித்திருப்பீர்கள். பையனுக்கு அதைச் சொன்னேன். அடுத்த வாரம் மெல்லிய பிளாஸ்டிக் பேட்டையும் ஓட்டை போட்ட சின்னப் பிளாஸ்டிக் பந்துகளையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

டீ என்று இங்கே ஒரு ரப்பர்க் கம்பம் உண்டு, பந்தை அதன் மேல் வைத்து அடிப்பதற்கு. அதை எங்கே வைப்பது என்பதில் பெரும்பாலோர் தவறுகிறார்கள், வயிற்றுக்கு நேரே வைத்துவிடுகிறார்கள். நடுவில் வரும் பந்தை முன்காலுக்கு நேரே சந்திக்க வேண்டும். உடம்புப் பக்கம் வரும் பந்தை அதற்கும் முன்னால், வெளிப்பக்கப் பந்தைச் சற்றுப் பின்னால். டீயை அதற்கேற்ப நகர்த்துங்கள். ஒரு நாளைக்கு முப்பது அடி போதும். முப்பதும் ஒரே ஒரு விஷயத்துக்காக. இன்றைக்குக் கால் என்றால் கால்தான். கை கோணினாலும் வாயைத் திறக்காதீர்கள். செல்போனில் மெதுவோட்டமாக எடுத்து அவனிடமே காட்டுங்கள். சான் டியேகோவின் டோனி க்வின் 1980களின் தொடக்கத்தில், வீடியோ கருவி வீட்டுக்குள் வந்த புதிதில், தன் ஆட்டத்தை மனைவியைப் பதிவுசெய்யச் சொல்லித் திரும்பத் திரும்பப் பார்த்தார். எட்டு முறை நேஷனல் லீகின் பேட்டிங் பட்டம் அவருக்கு. நாம் சொல்லும் பத்து வார்த்தையைவிட, தன் காலைத் தானே பார்க்கும் ஒரு பார்வை பிள்ளைக்குச் சீக்கிரம் ஏறும்.

இன்னொன்று, ஆட்டத்தின்போது பேசாதீர்கள். என் மூத்தவன் பேட் பிடித்து நின்றபோது வேலிக்குப் பின்னாலிருந்து தமிழில் கத்திக்கொண்டே இருப்பேன், முட்டியை மடக்கு, தலையைத் தூக்காதே, முன்னாடி வா என்று. ஒருநாள் வீடு திரும்பும்போது காரில் அவன் கேட்டான்: "அப்பா, நீங்க சொல்றதைக் கேக்கணுமா, பந்தைப் பாக்கணுமா?" அதற்குப் பிறகு நான் வேலி ஓரம் நின்றதில்லை. பழைய கதையை நண்பரிடம் சொன்னபோது அவர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

மே கடைசியில் அவருடைய பையனின் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். முதல் முறை நாலு கெட்ட பந்தையும் சரியாக விட்டு முதல் பேஸுக்கு நடந்தான். இரண்டாம் முறை ஃபவுல் ஒன்று, பிறகு தரையோடு ஓர் அடி, இரண்டாவது பேஸ்காரன் எடுத்து அவுட் ஆக்கிவிட்டான். ஆனால் அந்த அடியில் இடதுகால் நேராகப் பிட்ச்சரை நோக்கிப் போனதை நான் பார்த்தேன், அவன் அப்பாவும் பார்த்தார். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துப்போகும்போது நாலு டென்னிஸ் பந்து எடுத்துப் போங்கள். முதலில் மண்ணில் கோட்டைக் கீறிப் பாருங்கள், "உனக்கு எங்கேயாவது பட்டுச்சா?" என்று கேளுங்கள். கையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.